மூடியில் எழுதிய ஊர்

'பங்கேற்பாளரின் உயிருக்கு ஆபத்து இருக்கலாம் என ஆய்வில் தெரியவந்தால், ஆய்வாளர் அதை நெறிமுறைக் குழுவுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். குழு அதன்மீது உடனே முடிவு கூற வேண்டும்.'

எங்கள் ஆய்வகத்து நடைமுறைக் கையேட்டின் ஏழாம் பிரிவு இது. நான் ஓய்வு பெற்ற பிறகும் இதை மனப்பாடமாகச் சொல்வேன். இதில் இரண்டு 'உடனே' இருக்கின்றன. முதலாவது எங்களுக்கு உரியது, இரண்டாவது குழுவுக்கு உரியது. முதலாவதை அன்று மாலைக்குள் நிறைவேற்றினோம். இரண்டாவது என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆய்வகத்தில் இப்போது புதிய இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது. குழாயின் உடம்பிலேயே குறியீட்டைச் சுட்டுவிடுமாம், இனி யாரும் பேனாவைத் தொட வேண்டியதில்லை. அதன் தலைக்கு மேலே சுவரில் 'மூடியில் எழுதாதீர்' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். பேனாவே தேவைப்படாத இடத்தில் அந்த அறிவிப்பு எதற்கு என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டார்களாம். பழைய ஆட்கள், சுந்தரம் சாரைக் கேளுங்கள் என்று என்னைக் காட்டிவிட்டார்கள். சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். ஊர்களின் பெயரை மாற்றினால் நடந்தது என்னவென்றே விளங்காது.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மதுரையில் நுண்ணுயிரியல் படித்தேன். பிறகு பல வருடங்கள் ஊரார் மலத்தையும் சளியையும் சோதித்தேன். அரசாங்கம் கொசுவுக்குப் பயந்த வருடங்களில் கொசுவை எண்ணினேன். தேனியில் இந்த ஆய்வகம் தொடங்கியபோது என்னை ஒரு பெருநகரத்துக்கு அனுப்பி, ஸ்டெம் செல் வளர்க்கப் பழக்கினார்கள். திரும்பி வந்தபோது எனக்கு ஏறக்குறைய ஐம்பது வயது. கைக்குழந்தை வளர்ப்பதுபோல ஒரு வேலை. நேரத்துக்கு ஊட்ட வேண்டும், தீபாவளி விடுமுறை கிடையாது, நாம் கொஞ்சம் அசந்தால் அது செத்துப்போகும்.

எதற்காக அந்த வேலை என்பதைச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் காமாலையில் 'ஈ' வகை என்று ஒன்று உண்டு. தண்ணீர் வழியாகப் பரவும். பெரும்பாலானவர்களைச் சில வாரம் படுக்கப்போட்டுவிட்டுப் போய்விடும். ஆனால் கடைசி மாதங்களில் இருக்கும் கர்ப்பிணிகளில் சிலருக்கு மட்டும் கல்லீரலையே கரைத்துவிடும். ஒரே தெரு, ஒரே குழாய், ஒரே மாதம். ஒருத்தி எழுந்து சமைக்கப் போவாள், இன்னொருத்தி நினைவு தப்பி இறந்துபோவாள். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

இதை உயிரோடிருக்கும் பெண்ணிடம் சோதிக்க முடியாது. அவள் கல்லீரலிலிருந்து செல்களை வெட்டி எடுத்துத் தட்டில் வளர்த்தால், சில நாளில் அவை தாம் கல்லீரல் என்பதையே மறந்துவிடும். அதனால் சுற்றுவழி. கொஞ்சம் ரத்தம் எடுத்து, அதிலுள்ள செல்களைப் பின்னோக்கி நடக்கவைத்து, கருவில் இருந்ததுபோன்ற, எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லாக்க வேண்டும். பிறகு ஊட்டத்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக் கல்லீரல் செல்லாக முன்னோக்கி நடத்த வேண்டும். அதற்கே மூன்று வாரத்துக்குமேல் ஆகும். கடைசியில் தட்டில் கிடப்பது அந்தப் பெண்ணின் கல்லீரலைப் போன்ற ஒன்று, அவளுடைய மரபணுக்களோடு. அதில் வைரஸை விட்டுப் பார்க்கலாம். அவளுக்கு வலிக்காது. அவளுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

காமாலையில் கர்ப்பிணியாக இறந்த பெண்களின் உடன்பிறந்த அக்கா தங்கைகளைத் தேடினோம். கம்பம் பள்ளத்தாக்கிலும் வருசநாட்டுப் பக்கத்திலுமாகச் சிலர் சம்மதித்தார்கள். இந்தக் கட்டுரைக்கு அவர்களில் இருவர் போதும். ஒருத்தி செல்வி, குச்சனூரில் வாழ்ந்தாள். இன்னொருத்தி முத்துமாரி, மயிலாடும்பாறையில் வாழ்ந்தாள்.

எங்கள் தலைவர் டாக்டர் ஹெப்சிபா. போடியில் ஏலக்காய் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம். ஏலக்காயைச் சலித்துத் தரம் பிரிப்பதை அவர் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் நாங்கள் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர் அப்படித்தான் சலிப்பார். நாம் ஓடிப்போய் ஏதாவது சொன்னால், கையிலிருக்கும் வேலையை முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்பார்.

"தெரிஞ்சது எது, நெனச்சது எது?"

இரண்டையும் பிரித்துச் சொல்லும்வரை அடுத்த வார்த்தை வராது. குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் பேச்சு மெதுவாகும். மிக மெதுவாகப் பேசினார் என்றால் அன்று மத்தியானம் யாரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

கல்லீரல் செல் பக்குவப்படுவதைப் பார்க்க அழகாக இருக்கும். முதலில் மூலைக்கு மூலை சிதறிக் கிடக்கும். பிறகு நெருங்கி, பல கோணங்களோடு, முற்றத்தில் பதித்த கல்தளம் மாதிரி ஆகும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே மெல்லிய வெளிச்சக் கோடு ஓடும். அது பித்தம் போகும் வழி. அந்தக் கோடு தெரிந்த அன்று தட்டு தயார்.

பிறகு வைரஸ் அறை. முதுகுப் பக்கம் கட்டும் அங்கி, இரண்டு அடுக்குக் கையுறை, உள்ளே நுழைந்தால் கதவு நமக்குப் பின்னால் தானே இழுத்துச் சாத்திக்கொள்ளும். அந்த அறையின் காற்று வெளியே போகாதபடி அமைப்பு. ஒவ்வொரு பெண்ணின் செல்லிலும் பாதித் தட்டுகளுக்குக் கர்ப்ப காலத்து ஹார்மோன்களைச் சேர்ப்போம். மீதிப் பாதிக்குச் சேர்க்க மாட்டோம். பிறகு எல்லாவற்றிலும் வைரஸை இடுவோம். தினமும் காலையில் பார்ப்போம்.

எல்லாருடைய செல்களும் ஏதோ ஒரு விதத்தில் தாக்குப்பிடித்தன. 'குச்சனூர்' மட்டும் இல்லை. ஹார்மோன் சேர்த்த தட்டுகளை ஒரு காலையில் எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். தளம் இல்லை. கல் எல்லாம் பெயர்ந்து மிதந்தது. அடியில் வெறும் தட்டு. அதே பெண்ணின் ஹார்மோன் சேர்க்காத தட்டு பக்கத்திலேயே பத்திரமாக இருந்தது. திரும்பச் செய்தோம், அதேதான். ஆள் மாற்றிச் செய்தோம், அதேதான். அதன்பின் தினமும் அந்தத் தட்டுகளைக் கடைசியாகத்தான் எடுப்பேன். தட்டில் கிடப்பது ஒரு பெண் அல்ல என்று எனக்குத் தெரியும். அதற்கு உடம்பில்லை, ரத்த ஓட்டமில்லை, முழு வளர்ச்சிகூட இல்லை. தெரிந்தும் கடைசியாகத்தான் எடுத்தேன்.

இரகசியக் குறியீட்டின் திறவுகோல் டாக்டரம்மாவிடம் மட்டுமே இருக்கும். பார்த்துவிட்டுச் சொன்னார். "குச்சனூர் செல்வி. ரெண்டு புள்ளைக்கப்புறம் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் முடிஞ்சிருச்சு."

அறையிலிருந்த எல்லாரும் ஒன்றாக மூச்சு விட்டோம். இனி அவள் கர்ப்பமாகப் போவதில்லை. அப்படியானால் இது அறிவியல் மட்டும்தான், யாருடைய உயிரும் இல்லை.

இங்கேதான் மூடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். விதிப்படி ரத்தக் குழாயில் குறியீட்டு எண் மட்டுமே இருக்க வேண்டும். எண்ணைப் பார்த்துக் குழாயை எடுப்பது சிரமம் என்பதால், ரத்தம் எடுக்கும்போதே மூடியில் ஊர்ப்பெயரைப் பேனாவால் எழுதும் வழக்கம் எங்களிடம் வந்துவிட்டது. அந்தப் பெயரே கடைசிவரை தொடரும். தட்டுகளையும் 'ராயப்பன்பட்டி நல்லா வந்திருக்கு', 'கம்பம் இன்னைக்குச் சோர்ந்து கிடக்கு' என்றுதான் பேசுவோம். வெளியாள் கேட்டால் பேருந்து நிலையம் என்று நினைப்பார்.

செல்களை உறையவைத்துத் திரவ நைட்ரஜன் தொட்டியில் வைப்போம். இந்தச் சோதனைகளுக்கு முன்பே ஒருமுறை, வந்த ஒட்டுச்சீட்டுகளின் பசை அந்தக் குளிரைத் தாங்கவில்லை. எண்கள் எல்லாம் உதிர்ந்து தொட்டியின் அடியில் கிடந்தன. சோதித்துப் பார்க்கவென்று எடுத்துவைத்திருந்த அசல் ரத்தமும் அதே தொட்டியில், அதே பசையோடு. எண் போனால் துணை அடையாளத்தைக் கொண்டு மீண்டும் ஒட்டலாம் என்று கையேடு சொல்கிறது. துணை அடையாளம் மூடியிலிருந்த ஊர். ராயப்பன்பட்டிக்கு ராயப்பன்பட்டிக்காரியின் எண், குச்சனூருக்குக் குச்சனூர்க்காரியின் எண். கடைசியில் ஒரு மூடியில் 'தேனி' என்றிருந்தது. மிச்சமிருந்த ஒரே எண் முத்துமாரியுடையது. மிச்சமிருந்ததை மிச்சமிருந்ததற்கு ஒட்டினோம். டாக்டரம்மாவின் திறவுகோலோடு குழுவாக உட்கார்ந்து, முறைப்படி, கையெழுத்தோடு. அந்த வேலையில் விதிமீறல் என்று ஒன்றையும் எவராலும் காட்ட முடியாது.

ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. எங்கள் களச் செவிலி சகாயமேரி, ராயப்பன்பட்டிக்காரர். பெண்கள் வீட்டுக்குப் போய் நலம் விசாரித்துவருவது அவர் வேலை. ஒருநாள் மதியச் சாப்பாட்டில் டிபனைத் திறந்துகொண்டே சொன்னார்.

"அண்ணே, மயிலாடும்பாறையில நம்ம புள்ள முழுகாம இருக்கு. ஏழு முடியப்போகுது. வளையல் போடுறோம், நீயும் வந்துருன்னு மாமியார் சொன்னாக. அந்தம்மா என்னைய மதிச்சுக் கூப்பிட்டதே அதிசயம்."

"யாரு, முத்துமாரியா?"

"அந்தப் பேரச் சொல்லி அந்த வீட்டுல ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. 'குச்சனூரா, தண்ணி கொண்டா. குச்சனூரா, மாட்டப் புடிச்சுக் கட்டு.' அவக வீட்டு நாயி கூட குச்சனூரான்னாத்தான் எந்திரிச்சு அவ பின்னால போகும். ரத்தம் எடுக்கப் போன அன்னைக்கு, கையெழுத்து வாங்குற வரைக்கும் எனக்கே பேரு தெரியாது."

எங்கள் பக்கத்தில் மருமகளைப் பிறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என் அம்மாவையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இது தெரியாத ஆள் அந்தச் சாப்பாட்டு மேசையில் ஒருவரும் இல்லை. ஆனாலும் என் கையிலிருந்த சோறு அப்படியே நின்றது.

"மேரி, அன்னைக்கு மூடியில என்ன எழுதுன?"

"எந்த மூடியில?"

"முத்துமாரி ரத்தக் குழாய்ல."

சகாயமேரி யோசித்தார். யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "குச்சனூருன்னு எழுதுனேண்ணே. அதத்தான அங்கன கூப்பிட்டாக."

"செல்விக்கு?"

"செல்விக்கு நான் எடுக்கல. அவ தேனிக்குச் சந்தைக்கு வந்தப்ப, இங்கன நம்ம ஆபிசுலயே வச்சு எடுத்தாக."

தேனி.

டாக்டரம்மா அறைக்குள் போனோம். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "தெரிஞ்சது எது?"

மூடியில் இருந்த இரண்டு ஊரும், யார் எழுதினார்கள் என்பதும் சொன்னேன்.

"நெனச்சது எது?"

நான் அந்த இரண்டு ஊரையும் ஒரு தாளில் எழுதி அவர் பக்கம் தள்ளினேன். அவரே மெதுவாகச் சொன்னார், மிக மெதுவாக. "தட்டுல செத்தது முத்துமாரியோட செல்லா இருக்கலாம். அவ ஏழு மாசம்."

அன்று மாலைக்குள் விண்ணப்பம் போயிற்று. கேட்டது இரண்டு அனுமதி. இருவரிடமும் மறுபடி ரத்தம் எடுத்து, மரபணுக் கைரேகை பார்த்து, எந்தச் செல் யாருடையது என்று உறுதிசெய்ய ஒன்று. உறுதியானால் அந்தப் பெண்ணிடம் சொல்ல ஒன்று. குழு ஒப்பாமல் எதையும் செய்யக் கூடாது. அது சரியான விதிதான். தவறான ஆளிடம், கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில், உன் செல்கள் தட்டில் செத்தன என்று சொல்லிவிட்டால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

பதிலுக்குக் காத்திருந்தோம். குழுவின் செயலர் மாறுதலில் போய்விட்டதாகத் தகவல் வந்தது. பிறகு, கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கையில் உறுப்பினர் சேரவில்லை என்று வந்தது. பிறகு, விண்ணப்பத்தின் இரண்டாம் பிரதி எங்கே என்று கேட்டு வந்தது. அனுப்பினோம். பெறப்பட்டது என்றார்கள். அந்த வருடம் முழுவதும் அவர்களிடமிருந்து வந்த ஒரே நல்ல செய்தி அதுதான்.

இதற்கிடையில் மழைத் தண்ணீரோடு காமாலையும் வந்தது. சுற்றுவட்டாரத்து மாதிரிகள் சோதனைக்கு எங்களிடம் வரும். உறையில் ஊர்ப்பெயர் இருக்கும். முதல் வாரம் மயிலாடும்பாறைக்குத் தூரமான ஊர்கள். அடுத்து இன்னும் கொஞ்சம் பக்கம். மயிலாடும்பாறைப் பேருந்தின் நடத்துநர் நிறுத்தம் நிறுத்தமாகக் கூவிக்கொண்டு போவாரே, அதே வரிசையில் ஊர்கள் வரத் தொடங்கின. காலையில் உறைகளைப் பிரிக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். பிரிக்கவும் பயம், வேறொருவர் பிரித்து எனக்குச் சொல்லவும் பயம்.

டாக்டரம்மா ஒரு காலையில் வண்டியை எடுக்கச் சொன்னார். "ஆராய்ச்சி முடிவ ஒருத்திகிட்ட சொல்லக் கூடாது. தண்ணியக் காய்ச்சிக் குடிங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எந்தப் பிரிவுலயும் இல்ல. எல்லா வீட்டுக்கும் போறோம். எல்லாருக்கும் ஒரே வார்த்த. ஒருத்திக்குக் கூட்டியோ கொறச்சோ சொல்லிறக் கூடாது."

கிளம்புமுன் சொல்ல வேண்டிய வாக்கியங்களைப் பென்சிலால் எழுதி, சகாயமேரியிடமும் என்னிடமும் ஒப்பித்துப் பார்த்தார். ராயப்பன்பட்டியில் ஒப்பித்தார். குச்சனூரில் செல்வியிடம் ஒப்பித்தார்.

செல்வி முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். "எனக்குத்தான் கடையச் சாத்தியாச்சே டாக்டரம்மா. கர்ப்பிணி சேதியெல்லாம் எனக்கெதுக்கு?"

"கேட்டுக்கம்மா. கேட்டா ஒண்ணும் கொறஞ்சிறாது."

மயிலாடும்பாறை போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. முத்துமாரியின் கணவன் தக்காளி ஏற்றும் சின்ன வண்டி ஓட்டுபவன். வாசல் முழுக்கக் காலிப் பெட்டிகள். மாமியார் பேச்சியம்மாள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே எங்கள் பேச்சைக் கேட்டார்.

"தண்ணியக் காய்ச்சுன்னு சொல்லவா மூணு பேரு காரு வச்சு வந்தீக?"

"ஆமாம்மா. இன்னும் ஒருத்தரு வந்திருப்பாக, வண்டியில எடமில்ல" என்றார் டாக்டரம்மா.

பேச்சியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்பக்கம் திரும்பி, "குச்சனூரா, இங்கன வா. ஒன்னத்தான் பாக்க வந்திருக்காக" என்றார்.

வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து நின்றாள். ஒல்லியான பெண், கூர்மையான கண். டாக்டரம்மா ஒப்பித்தார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"எல்லார் வீட்டுக்குமா போறீக?"

"எல்லார் வீட்டுக்கும்."

"எல்லார்கிட்டயும் இதேதான் சொன்னீகளா?"

"ஒரு வார்த்த மாத்தல."

"எங்கக்காவுக்கு வந்தப்ப நாந்தான் கூட இருந்தேன். கண்ணு மஞ்சளாச்சு, பேச்சு கொழறுச்சு, அப்புறம் என்னையே யாருன்னு கேட்டா. என் ரத்தத்த வச்சு அதத்தான பாக்குறோம்னு சொன்னீக. பாத்தீகளா? என்ன தெரிஞ்சுச்சு?"

எங்கள் எல்லாரையும் டாக்டரம்மா கேட்கும் கேள்வியை முதல்முறையாக ஒருத்தி அவரைக் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை.

"ஒன்னோடதுன்னு நான் சொல்றாப்புல எதுவும் இன்னும் என் கையில இல்லம்மா."

"அப்ப என்ன பயம் ஒங்களுக்கு?"

டாக்டரம்மா பொய் சொல்லத் தெரியாதவர். ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விடும்போதுகூட, விட்ட இடம் தெரியும். அவள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காச்ச வந்தா, ஒண்ணுக்கு மஞ்சளாப் போனா, மறுநா வரைக்கும் பாக்காத. கை வைத்தியம் எதுவும் வேணாம். பக்கத்துல எங்கயும் நிக்காம தேனி பெரியாஸ்பத்திரிக்கு வந்துரு."

"இதையும் எல்லார்கிட்டயும் சொன்னீகளா?"

டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, "இனிமே சொல்வேன்" என்றார்.

சொன்னார். திரும்பும் வழியில் நேராகத் தேனிக்குப் போகவில்லை. ஒருத்திக்குக் கூடுதலாகச் சொல்லிவிட்டதால் மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று வண்டியை மறுபடி குச்சனூருக்கு விடச் சொன்னார். செல்வி மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள். "மறுபடியுமா?" என்றாள். டாக்டரம்மா நின்றவாக்கிலேயே விட்டுப்போன மூன்று வாக்கியத்தை ஒப்பித்தார். அங்கிருந்து ராயப்பன்பட்டி. சகாயமேரி எனக்கு மட்டும் கேட்கும்படி, "டீசலுக்கு எந்தப் பிரிவுல கணக்கு எழுதப்போறீகண்ணே" என்றார். சிரித்தோம். அந்த மாதத்தில் சிரித்தது அது ஒன்றுதான்.

எட்டாம் மாதத்தில் முத்துமாரிக்குக் காய்ச்சல் வந்தது. சிறுநீர் மஞ்சளாகப் போன காலையிலேயே தக்காளி வண்டியில் ஏறிவிட்டாள். போகிற வழியில் ஒரு வைத்தியரிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்று கணவன் சொன்னதற்கு, வண்டியை நிறுத்தினால் குதித்துவிடுவேன் என்றாளாம். இதைப் பிறகு அவன் சொன்னான். 

சோதனைக்கு அவள் ரத்தம் எங்களிடம் வந்தது. நானே செய்தேன். சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டு. ஒவ்வொரு திரவமாக விட்டுக் கழுவி, கடைசியில் அமிலத்தை விட்டால், நோய் இருக்கும் குழி மட்டும் மஞ்சளாகும். கழுவும்போதே எந்தக் குழி அவளுடையது என்று பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். பார்த்தேன். மஞ்சளானது. மாவட்டம் முழுவதற்கும் எத்தனையோ முறை இதைச் செய்து முடிவை எழுதி அனுப்பியிருக்கிறேன். அன்று கையெழுத்துப் போடும் இடத்தைத் தேட வேண்டியிருந்தது.

சோதனைக்குப் போக மீதி ரத்தம் குழாயில் இருந்தது. மரபணுக் கைரேகைக்கு ஒரு சொட்டு போதும். டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"அது வைத்தியத்துக்குக் குடுத்த ரத்தம், சுந்தரம். ஆராய்ச்சிக்குக் குடுத்ததில்ல."

"தெரிஞ்சுக்கலாமே டாக்டர்."

"தெரிஞ்சா அங்க வைத்தியம் மாறுமா?"

"மாறாது."

"அப்ப யாருக்காகத் தெரியணும்?"

குழாயைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் அந்தக் குளிர்பெட்டி வழியாகப் போகாமல் நான் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பேச்சியம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நானும் சகாயமேரியும் பக்கத்தில் நின்றோம். உள்ளே அவள் பேச்சு குழறுகிறது என்று சொல்லியிருந்தார்கள். கதவு திறந்தது. செவிலி எட்டிப் பார்த்து, "முத்துமாரி கூட வந்தவங்க யாரு?" என்று கேட்டார்.

யாரும் எழவில்லை. செவிலி தாழ்வாரத்தின் இருபக்கமும் பார்த்தார். "முத்துமாரி. முத்துமாரியோட ஆளு யாரும் இல்லையா?"

பேச்சியம்மாள் செவிலியின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு முத்துமாரிக்காக இரங்குவதுபோலத்தான் அந்த முகம் இருந்தது.  மூடியில் நடந்தது என் கண்ணெதிரே திரும்ப நடந்தது.

சகாயமேரிதான் குனிந்து அவர் தோளைப் பிடித்தார். "ஆத்தா, நம்ம புள்ளையத்தான் கூப்பிடுறாக. எந்திரிங்க."

பேச்சியம்மாள் எழுந்தார். எழுந்து இரண்டு அடி வைத்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.  "எம்மா, முத்துமாரி" என்றார், கதவைப் பார்த்து. அந்த வீட்டுக்கு அவள் வாழ வந்தபின் அவர் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல்முறை என்று பிற்பாடு அவரே சொன்னார்.

குழந்தை பிறந்திருந்தது. பெண். எடை குறைவு, கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்றார்கள். தாய்க்கு இன்னும் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். பல நாள் அப்படியே சொன்னார்கள். ஒருநாள் காலையில், சகாயமேரி தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, ரசஞ்சோறு கேக்குறா" என்றார். நான் அப்போது ஒரு தட்டுக்கு ஊட்டம் மாற்றிக்கொண்டிருந்தேன். அதை முடித்துவிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, கழிப்பறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

வைத்தியர்கள் நன்றாகப் பார்த்தார்கள். அவள் முதல் நாளே வந்தது பெரிய உதவி என்றார்கள். ஏன் அப்படி ஓடிவந்தாள் என்று அவர்கள் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

ஒருமுறை வந்து போன வைரஸை உடம்பு நினைவில் வைத்துக்கொள்ளும். அந்த வகைக் காமாலை அவளை மறுபடி அப்படித் தாக்குவது அரிது. நாங்கள் எந்த எச்சரிக்கைக்கு அனுமதி கேட்டுக் காத்திருந்தோமோ, அது அவளைப் பொறுத்தவரை பழைய செய்தியாகிவிட்டது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். திரும்பப் பெறுவதற்கும் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்றார்.

இந்தக் கட்டுரையை நான் வேறோர் இடத்தில் முடிக்க வேண்டியிருப்பதால், கடைசியில் நடந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். அனுமதி வந்தபின் இருவரிடமும் ரத்தம் எடுத்தோம். குழாயில் எண் மட்டும் இருந்தது. சரிபார்த்ததில், 'குச்சனூர்' என்ற செல்கள் முத்துமாரியுடையவைதான். டாக்டரம்மாவே போய், முறைப்படி, தெரிந்ததையும் நினைத்ததையும் தனித்தனியாகப் பிரித்துச் சொன்னார்.

"இது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் முத்துமாரி. "எல்லாருக்கும் ஒரே வார்த்தன்னு சொல்லிட்டு எங்கிட்ட வந்து ரெண்டு வார்த்த கூடச் சொன்னீகளே, அப்பவே தெரியும்."

குழந்தை அவள் மடியில் கிடந்து டாக்டரம்மாவின் கண்ணாடியைப் பிடிக்கக் கையை நீட்டியது. அவள் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"எங்கக்காவுக்கு இருந்துச்சு. எனக்கும் இருக்கு. இவளுக்கு?"

டாக்டரம்மா சலிக்கவில்லை, பிரிக்கவில்லை. "தெரியல" என்றார்.

"எப்பத் தெரியும்?"

அதற்கு எந்தப் பிரிவிலும் பதில் இல்லை. கைக்குழந்தையிடம் ரத்தம் எடுத்துச் செல் வளர்க்க இன்னொரு விண்ணப்பம் போட வேண்டும். அதைப் போடலாமா கூடாதா என்பதைத் தாயிடம் கேட்கலாமா என்பதற்கு வேறொரு விண்ணப்பம். குழந்தை வளர்ந்து, கட்டிக்கொடுத்து, ஏதோ ஓர் ஊரில் 'மயிலாடும்பாறையா' என்று கூப்பிடப்படும் காலம்வரைக்கும் இந்தக் கேள்வி அப்படியே இருக்கும். நான் இன்றைக்கும் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறேன். ஐப்பசியில் முதல் மழை விழுந்தால், அந்தப் பெண்ணுக்கு இப்போது என்ன வயது என்று மனம் தானாகக் கணக்குப் போடுகிறது.

குழுவின் பதில் ஒரு பக்கம்தான். ரத்தம் எடுக்கலாம் என்றிருந்தது. அடையாளம் உறுதியான பிறகு, 'கொடையாளர் தேவையற்ற அச்சத்துக்கு உள்ளாகாத வகையில்' தகவலைத் தெரிவிக்கலாம் என்றிருந்தது. டாக்டரம்மா அந்த வரியை ஒருமுறை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். அன்று குச்சனூர்த் திருவிழாவுக்குப் போகும் கூட்டத்தால் தேனியில் பேருந்தெல்லாம் நிரம்பி வழிந்தது, தபால்காரர் தாமதமாகத்தான் வந்தார். முத்துமாரியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குச்சனூரில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அங்கே அவளை எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஐப்பசியில் நாங்கள் அனுப்பிய விண்ணப்பத்துக்கு நெறிமுறைக் குழுவின் பதில் எங்கள் கைக்கு வந்து சேர்ந்த நாள், ஆடி மாதம் மூன்றாம் சனிக்கிழமை.